பழைய குவாலிஸில் ஃபேன் கிளட்ச் மாற்றுவது எப்படி: முழு வேலையும் வரிசையாக

டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் ஊசி ஏறுகிறது, பைபாஸில் எண்பதில் போனால் தானாக இறங்கிவிடுகிறது, ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் வண்டிக்குள் வெக்கை. பழைய டொயோட்டா குவாலிஸ் டீசல் வைத்திருப்பவர் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால், நான் முதலில் கை வைக்கச் சொல்லும் இடம் ஃபேன் கிளட்ச். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் நடப்பது வேறு. ரேடியேட்டரைக் கழற்றி ராட் அடிப்பார்கள் (உள்குழாய்களில் கம்பி விட்டு அடைப்பெடுப்பது), தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வை, பிடுங்கித் தூரப் போடுவார்கள், வாட்டர் பம்ப் மாற்றுவார்கள், அப்புறமும் ஊசி ஏறினால் "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் ஃபேன் கிளட்சைச் சோதிக்கக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், பானெட்டைத் திறந்து கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குவாலிஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2000-ல் விற்பனைக்கு வந்து 2005-ல் இன்னோவாவுக்கு இடம் விட்ட வண்டி அது, ஆனாலும் கல்யாண ட்ரிப்பிலும் கோயில் ட்ரிப்பிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2446 சிசி டீசல் இன்ஜின் லேசில் சாகாது, அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள்தான் ஒவ்வொன்றாகத் தேயும். இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து, முன்னால் பெல்ட்டில் ஃபேன் சுற்றும் மற்ற பழைய வண்டிகளுக்கும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். மாருதி 800 மாதிரி கரண்டில் சுற்றும் ஃபேன் வைத்த வண்டிக்கு இது பொருந்தாது, அங்கே மோட்டார், ரிலே, ஸ்விட்ச் என்று கதையே வேறு.

அது என்ன செய்கிறது

ஃபேனுக்கும் வாட்டர் பம்ப் தண்டுக்கும் நடுவில், சுற்றிலும் துடுப்பு துடுப்பாக, ஒரு அலுமினிய வட்டு இருக்கும், அதுதான் கிளட்ச். உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் தேன் போலக் கெட்டியான சிலிக்கான் எண்ணெய் தேங்கி நிற்கும். இன்னொன்றில் வரிவரியாகக் குடைந்த இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் மிக நெருக்கமாகச் சுற்றும். ஒரு பாகம் பம்ப் தண்டோடு சேர்ந்தது, மற்றது ஃபேனோடு சேர்ந்தது. நடுவில் எண்ணெய் இருந்தால் அதன் பிசுக்கில் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும், எண்ணெய் இல்லையென்றால் சும்மா நழுவும்.

எண்ணெயை எப்போது உள்ளே விடுவது என்று முடிவு செய்வது முன்பக்கம் நடுவில் தெரியும் சுருள் பட்டை. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்தது அது, சூடானால் கொஞ்சம் திரும்பும், அந்தத் திருப்பத்தில் உள்ளே இருக்கும் வால்வுத் தகடு வழிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, சுருள் அளப்பது இன்ஜின் சூட்டை இல்லை, ரேடியேட்டர் வழியாக வந்து அதன் முகத்தில் அடிக்கும் காற்றின் சூட்டை. ரேடியேட்டரின் நடுப்பகுதி உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தால் அந்த இடத்தில் சுடுதண்ணீர் ஓடாது, காற்று சூடாகாது, இன்ஜின் கொதித்தாலும் நல்ல கிளட்ச் பேசாமல் இருக்கும். புது கிளட்ச் போட்ட பிறகும் ஹீட் ஆகிறது என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு நடப்பது இதுதான்.

எதற்கு இவ்வளவு சுற்றிவளைத்து ஒரு ஏற்பாடு, நேராகவே பூட்டிவிடலாமே என்றால், ஃபேன் தின்னும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. ஹைவேயில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும்போது ஃபேனை முழு வேகத்தில் சுற்றுவது டீசலைக் காற்றில் விடுவதுதான், அதுவும் 75 குதிரைத்திறன் மட்டுமே இருக்கிற வண்டியில்.

முதலில் சோதனை, அப்புறம்தான் ஸ்பேனர்

காலையில், ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில் ஆரம்பியுங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் இதழைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல கிளட்ச் பிசுபிசுவென்று ஒரு எதிர்ப்பைக் கொடுத்து, ஒன்றிரண்டு சுற்றுக்குள் நின்றுவிடும். சைக்கிள் சக்கரம் கணக்காக நாலைந்து சுற்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. அசையவே மறுத்தால், அல்லது கரகரவென்று மணல் அரைக்கிற மாதிரி இருந்தால், உள்ளே இறுகிவிட்டது அல்லது பேரிங் போய்விட்டது.

அடுத்து வண்டியை ஓட்டி நன்றாகச் சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். ஹோஸிலும் ரேடியேட்டரிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் இருந்ததைவிட இப்போது இறுக்கமாக இருக்க வேண்டும். காலையிலும் தளர்ச்சி, சூட்டிலும் அதே தளர்ச்சி என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஓடுகிற ஃபேனுக்குள் சுருட்டிய செய்தித்தாளை விட்டு நிற்கிறதா என்று பார்க்கும் வித்தையைச் சில மெக்கானிக்குகள் செய்து காட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருபது வருஷம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் இதழ் உடைந்தால் எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். எதிரெதிர் இதழ் நுனிகளை இரண்டு கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால், நுனியில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. எந்த பேரிங் என்பதுதான் கேள்வி. ஒரு கையால் பெல்ட் ஓடும் புல்லியைத் தொட்டுக்கொண்டு ஆட்டுங்கள். புல்லியும் சேர்ந்து ஆடினால் வாட்டர் பம்ப் பேரிங், புல்லி அசையாமல் ஃபேன் மட்டும் ஆடினால் கிளட்ச் பேரிங். இதைப் பார்க்காமல் கிளட்ச் வாங்கி வந்துவிட்டு, பிரித்த பிறகு பம்ப்பும் போயிருப்பது தெரிந்தால் மறுபடி கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கண்ணால் பார்ப்பது. டார்ச் அடித்து சுருளின் நடுத்தண்டைச் சுற்றியும், கிளட்சின் பின்புறம் தண்டு நுழையும் இடத்தையும் பாருங்கள். எண்ணெய் கசிந்தால் அந்த இடத்தில் ரோட்டுத் தூசி ஒட்டி, கறுத்த பசையாக, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாக இழுத்திருக்கும். லேசான ஈரப்பசை இருபது வருஷ வண்டியில் சகஜம், கோடுகள் இருந்தால் சகஜமில்லை. சுருளின் வெளி நுனி அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி அது விலகியிருந்தால் கிளட்ச் எப்போதுமே குளிராக இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

இறுகிப்போன கிளட்சுக்கு அடையாளம் வேறு. வண்டி ஹீட் ஆகாது, அதனாலேயே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க லாரி மாதிரி ஹோ என்ற இரைச்சல் கூடவே வரும், பிக்கப் மந்தம், மைலேஜ் குறைவு, காலையில் இன்ஜின் சூடாக நேரம் பிடிக்கும். ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிஷம் மட்டும் இரைந்து அடங்கினால் பயப்பட வேண்டாம், ராத்திரி நிற்கும்போது எண்ணெய் வேலை அறைக்குள் வடிந்திருக்கும், சுற்ற ஆரம்பித்ததும் திரும்பிப் போய்விடும். உண்மையில் அந்தக் காலை இரைச்சல் கேட்டால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு பெல்ட் தளர்ச்சி, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேனைச் சுற்றியிருக்கும் கவர் உடையாமல் இருக்கிறதா, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சு போலத் தூசி அடைத்திருக்கிறதா என்று ஒரு நோட்டம் விட்டுவிடுங்கள். கவர் இல்லாமல் ஓடும் பழைய வண்டிகள் ஏராளம். யாரோ எப்போதோ கழற்றி, திரும்ப மாட்ட சோம்பல்பட்டு விட்டுவிட்டது. கவர் இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்திலிருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும்.

புதுசா, பழசா, எண்ணெய் ஊற்றலாமா

கையில் காசிருந்தால் கம்பெனி பாகம், அல்லது ஐசின் தயாரிப்பு. ஐசின் ஜப்பானில் டொயோட்டாவுக்கே பாகங்கள் செய்யும் நிறுவனம், ஃபேன் கிளட்சும் செய்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வேறு பல பெயர்களிலும் கிடைக்கும், பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் பாகத்தைப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழசு எடுப்பதென்றால், மேலே சொன்ன சுற்றும் சோதனையையும் ஆட்டச் சோதனையையும் கடை வாசலிலேயே செய்துவிட்டு எடுங்கள். என்னைக் கேட்டால் பழசு வாங்குவதில் பெரிய லாபமில்லை, அந்தக் கிளட்சும் உங்களுடையதைப் போலவே இருபது வருஷம் பார்த்ததுதான்.

எண்ணெய் மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. டொயோட்டாவே இதற்கென்று 18 மில்லி டியூபில் சிலிக்கான் எண்ணெய் விற்கிறது, 3000, 10000 என்று வேறு வேறு கெட்டித்தன்மையில். இரண்டு பாதிகளும் சின்ன ஸ்க்ரூவில் பிணைந்திருக்கும் கிளட்ச் என்றால், அடையாளக்கோடு போட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய எண்ணெயைத் துடைத்து, புதுசு விட்டு, அதே கோட்டில் மூடலாம். பேரிங் கெட்டியாக இருந்து, கம்பெனி உடலாகவும் இருந்தால் இது செய்யத் தகுந்த வேலை. பேரிங் ஆடுகிற கிளட்சில் எண்ணெய் ஊற்றுவது வீண், அதே ஓட்டை வழியாகத் திரும்ப வெளியே வரும். விளிம்பை மடக்கி அடைத்த கிளட்சைத் திறக்கவே முயலாதீர்கள். இன்ஜின் ஆயில், கிரீஸ், தேங்காயெண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள், சூட்டில் தண்ணீராகிவிடும்.

மூன்றாவதாக, ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் "டைரக்ட் பண்ணிடலாம் சார்". கிளட்சில் துளை போட்டு, போல்ட் முடுக்கி, ஃபேனை நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இது ஒரு வழி, மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே விட்டு ஓட்டினால் மைலேஜ் போகும், வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் தேயும், எல்லாவற்றுக்கும் மேல், கிளட்ச் நழுவும் என்ற கணக்கில் செய்த பிளாஸ்டிக் ஃபேன் இன்ஜினின் முழு வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும். ஒரு இதழ் பிய்ந்தால் ரேடியேட்டரும் சேர்ந்து போகும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

புதுசை வாங்கும்போது பழசைக் கையோடு எடுத்துப்போக முடிந்தால் நல்லது. பார்க்க வேண்டியவை: பம்ப்பில் உட்காரும் நான்கு துளைகளின் இடைவெளி, ஃபேன் மாட்டும் துளைகளின் இடைவெளி, அப்புறம் உயரம். உயரம் என்பது பம்ப்பில் படும் முகத்திலிருந்து ஃபேன் படும் முகம் வரை உள்ள தூரம். துளைகள் சரியாக இருந்து உயரம் மாறினால் மாட்டிவிடலாம், ஆனால் ஃபேன் ரேடியேட்டரை நெருங்கிப் போகும் அல்லது கவரை விட்டுப் பின்னால் வந்துவிடும். இதழின் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கவருக்குள் இருப்பதே நல்ல அமைப்பு.

கடையிலும் சரி வீட்டிலும் சரி, புது கிளட்சை வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே செங்குத்தாக வையுங்கள். தண்டு கீழே பார்க்கப் படுக்கவைத்து நாள்கணக்கில் விட்டால் எண்ணெய் பேரிங் பக்கம் இறங்கிவிடும்.

கழற்றுவது

வேண்டியவை அதிகமில்லை. 10, 12, 14 ஸ்பேனர்கள், ரிங்கும் ஓப்பனும், ஒரு கட்டிங் பிளேயர், ஸ்க்ரூடிரைவர், வயர் பிரஷ், துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கூலன்ட் பிடிக்க அகலமான பேசின், ஒரு பெரிய அட்டைப்பெட்டி. முதல் தடவை செய்பவருக்கு அரை நாள் ஆகும், கைபழகினால் இரண்டு மணி நேரம். முந்தின நாள் சாயந்திரமே கிளட்சின் பின்னால் இருக்கும் நான்கு நட்டிலும் ஸ்ப்ரே அடித்து விட்டுவிடுங்கள்.

வண்டி ஆறியிருக்க வேண்டும், ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். தோளில் துண்டு, கழுத்தில் செயின், கையில் கயிறு எதுவும் வேண்டாம்.

இப்போது பெல்ட்டைத் தளர்த்தக் கை பரபரக்கும். பொறுங்கள். நான்கு நட்டையும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். பெல்ட்தான் புல்லியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தளர்த்திவிட்டால் நீங்கள் நட்டைத் திருப்பத் திருப்பப் புல்லியும் கூடவே சுற்றும். அப்படியும் நழுவினால், ஒரு கையால் பெல்ட்டை உள்பக்கமாக அழுத்திக்கொண்டு மறு கையால் ஸ்பேனரை இழுங்கள். கிளட்சுக்கும் புல்லிக்கும் நடுவில் இடம் குறைவு, சாக்கெட் நுழையாது, மெல்லிய ரிங் அல்லது ஓப்பன் ஸ்பேனர்தான். குவாலிஸில் 10 அல்லது 12 உட்காரும். ஸ்பேனர் முழுதாக உட்கார்ந்த பிறகே இழுங்கள், முனை மழுங்கிய நட்டை அந்தச் சந்துக்குள் எடுப்பது பெரும்பாடு.

வேறு வண்டிக்காரர்கள் இங்கே நிற்க வேண்டும். சில வண்டிகளில் நான்கு நட்டுக்குப் பதில் ஒரே பெரிய நட்டில் கிளட்ச் நேரடியாகப் பம்ப் தண்டில் ஏறியிருக்கும், அதற்கு 32 அல்லது 36 அளவு மெல்லிய ஸ்பேனர் வேண்டும். அதில் சிலவற்றுக்கு மரை இடப்பக்கம், அதாவது வழக்கத்துக்கு எதிராக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். உங்கள் வண்டிக்கு எது என்று தெரிந்துகொண்டுதான் பலத்தைக் காட்ட வேண்டும், தெரியாமல் இழுத்தால் இன்னும் இறுகும்.

நட்டுகள் அசைந்துவிட்டன என்றால் பாதி வேலை முடிந்தது. ரேடியேட்டரின் அடி குழாயைத் திறந்து கூலன்ட்டைப் பேசினில் பிடியுங்கள். மேல் ஹோஸ் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும், முழுதாக வடிக்கத் தேவையில்லை. மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை முதலில் சற்றுத் திருகி ஒட்டலை விடுவித்து அப்புறம் இழுங்கள். நேராக இழுத்தால் பழைய ரேடியேட்டரின் மூக்கு உடையும். கவரின் 10 அளவு போல்ட்டுகளைக் கழற்றி, அதில் சொருகியிருக்கும் சின்ன ஹோஸையும் ஒயரையும் விடுவித்து, கவரை இன்ஜின் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

இந்த இடத்தில் அட்டைப்பெட்டி. ரேடியேட்டர் அளவுக்கு வெட்டி, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இறக்கிவிடுங்கள். ஃபேன் இதழ் லேசாக உரசினாலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வரிசையாக மடங்கிப் படுத்துவிடும், இன்னும் அழுத்தினால் குழாயே ஓட்டை. ஹீட் ஆவதைச் சரிசெய்ய வந்தவர் ரேடியேட்டரைக் குத்திவிட்டுப் போவது அட்டை வைக்காததால்தான்.

ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றுங்கள். அப்புறம் நான்கு நட்டையும் விரலால் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். சில சமயம் நட்டோடு, அது ஏறியிருக்கும் மரைத் தண்டான ஸ்டட்டும் சேர்ந்து வரும், பரவாயில்லை, பிறகு திரும்பப் பூட்டிக்கொள்ளலாம். கடைசி நட் வரும்போது ஃபேனை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், புல்லியும் தளர்ந்து கூடவே வரும். ஃபேனையும் கவரையும் ஒன்றாகச் சேர்த்து மேலே தூக்கினால்தான் சந்தில் சிக்காமல் வரும்.

நடுவில் பார்க்க வேண்டியது

ஃபேன் வெளியே வந்துவிட்டது, பெல்ட்டும் இல்லை. வாட்டர் பம்ப்பைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தண்டை விரலால் சுற்றுங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டமே கூடாது. பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதிலிருந்து கூலன்ட் வழிந்து வெள்ளையாகவோ சிவப்பாகவோ உப்புப் பூத்திருந்தால் உள்ளே சீல் போய்க்கொண்டிருக்கிறது. பம்ப்பும் மாற்றிவிட்டே மூடுங்கள், ஆறு மாதத்தில் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டாம்.

பெல்ட்டைத் திருப்பி மடக்கிப் பார்த்தால் உள்பக்கம் வெடிப்புகள் தெரியும். தெரிந்தால் புதுசு.

ஃபேனைக் கிளட்சிலிருந்து பிரிக்கும் முன் எந்தப் பக்கம் ரேடியேட்டரைப் பார்த்தது என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். திருப்பி மாட்டினால் மாட்டிக்கொள்ளும், சுற்றும், சத்தமும் போடும், ஆனால் காற்றோட்டம் பாதிக்கும் கீழே போய்விடும், ஏன் இன்னும் ஹீட் ஆகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஃபேனைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு இதழின் அடியையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளுத்த கோடு, மயிரிழை விரிசல், நடு வளையத்தைச் சுற்றி வெடிப்பு எது தெரிந்தாலும் அந்த ஃபேன் திரும்ப ஏறக் கூடாது. ஒட்டுவது, சூடு வைத்து இணைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரேடியேட்டரின் பின்முகமும் இப்போது கைக்கு எட்டும். அட்டையை எடுத்துவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எவ்வளவு செம்மண் வருகிறது என்று பாருங்கள்.

மாட்டுவது

பம்ப்பின் முகத்தையும் புல்லியின் உள்முகத்தையும் வயர் பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துணுக்குத் துரு போதும், கிளட்ச் கோணலாக உட்கார்ந்து ஃபேன் நுனி வட்டமடிக்க. ஃபேனைப் புது கிளட்சில் மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். சின்ன போல்ட், அலுமினிய மரை. மணிக்கட்டின் பலம் போதும், தோள்பட்டையின் பலம் வேண்டாம்.

அட்டை திரும்ப அதன் இடத்துக்கு. கவரையும் ஃபேனையும் சேர்த்தே இறக்கி, புல்லியை ஸ்டட்டில் ஏற்றி, அதன்மேல் கிளட்சை உட்காரவைத்து, நான்கு நட்டையும் விரலால் ஓட்டிவிடுங்கள். கிளட்ச் முகம் புல்லியோடு சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது இடைவெளி தெரிந்தால் நட்டை முடுக்கி இழுத்து உட்காரவைக்க நினைக்காமல், எடுத்துவிட்டுக் காரணத்தைப் பாருங்கள். ஸ்பேனரில் லேசாக எதிரெதிராக முடுக்கி, பெல்ட்டை மாட்டி இறுக்கம் வைத்து, பெல்ட்டின் பிடியில் நான்கையும் கடைசி முடுக்கு முடுக்குங்கள். கழற்றியதற்கு நேர் தலைகீழ் வரிசை. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்ளே போகலாம். கம்பியாக இறுக்கினால் பம்ப், ஆல்டர்னேட்டர் இரண்டின் பேரிங்கும் கஷ்டப்படும்.

கவரைப் பூட்டும்போது ஃபேன் நுனிக்கும் கவருக்கும் இடையே சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கும்படி நகர்த்திவைத்துப் பூட்டுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், கவர் பாடியோடு நிற்கும், ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் முதல் பள்ளத்திலேயே உரசும். குவாலிஸில் அடிப்பக்கம் நெருங்கியிருந்தால் இன்ஜின் மவுண்ட் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டையை எடுங்கள். எடுத்தாயிற்றா? ஃபேனைக் கையால் ஒரு முழு சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். கிண்ணத்தில் நட் எதுவும் மிஞ்சவில்லை, ஸ்பேனர் எதுவும் இன்ஜின்மேல் கிடக்கவில்லை என்பதையும்.

கூலன்ட், ஸ்டார்ட்

பேசினில் பிடித்தது தெளிவாக இருந்தால் வடிகட்டி ஊற்றலாம். பழுப்பேறியிருந்தால் புதுசு வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள், பொதுவாகச் சரிபாதி. போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். நம்மூர் போர் தண்ணீரின் உப்புதான் ரேடியேட்டரை உள்ளிருந்து அடைப்பது, கிளட்சின் சுருளுக்குச் சூடு போகாமல் செய்வதும் அதுவே.

பேட்டரியை மாட்டி, மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேனுக்கு நேர் எதிரே நிற்காமல், அதன் இதழ்கள் சுற்றும் வட்டத்தின் கோட்டிலும் நிற்காமல், ஒதுங்கி நில்லுங்கள். முதல் சில நிமிஷம் இரைச்சல் வரும், பின்பு அடங்கும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள், உள்ளே மாட்டிய காற்று வெளியேற உதவும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி மட்டம் பார்த்து மூடியைப் போடுங்கள். மேல் ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக, சீராகச் சூடேறிக்கொண்டே போனால் உங்கள் வண்டியில் யாரோ தெர்மோஸ்டாட்டை ஏற்கெனவே பிடுங்கியிருக்கிறார்கள். புதுசு வாங்கிப் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே திணறும், டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

ஏசியைப் போட்டு, ஐடிலிங்கில் இருபது நிமிஷம் விடுங்கள். ஊசி வழக்கமான இடத்தில் நிற்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஃபேன் சத்தம் கனத்து, காற்று பலமாக வருவது பானெட் ஓரத்திலேயே தெரியும், சற்று நேரத்தில் மறுபடி இளகும். அந்த ஏற்ற இறக்கம்தான் கிளட்ச் வேலை செய்வதற்கு அத்தாட்சி.

சமதரையில் சரியாக இருந்தால் மலை ஒன்று ஏறிப் பார்த்துவிடுங்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள், பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டாவது கியரில், எதிர்க்காற்று இல்லாமல், இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறும்போதுதான் ஃபேன் கிளட்சுக்கு உண்மையான பரீட்சை. ஊசி கொஞ்சம் ஏறி, ஃபேன் இரைந்து, திரும்ப இறங்கினால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டி, ஏசியை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்போதும் ஊசி இறங்காமல் சிவப்பைத் தொட்டால் அணைத்துவிடுங்கள். அப்படி ஆகிறதென்றால் கிளட்ச் சரி, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வருகிறதா என்று பார்த்து இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். உள்ளே தங்கிய காற்று சற்று நேரம் குமிழ் விட்டு நின்றுவிடும், கேஸ்கெட் போயிருந்தால் நிற்காது.

முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய இன்ஜினில் பெல்ட் இறுக்கத்தை மறுபடி பாருங்கள், புது பெல்ட் என்றால் கட்டாயம் தளர்ந்திருக்கும். அப்போதே நான்கு நட்டிலும் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.